விரியாத இடுப்பு

அத்தியாயம் 17

போன வாரம் நொஹேலியாவைக் கண்ணாடிக்கு முன்னால் அரைகுறையாக நிறுத்திவிட்டுப் போய்விட்டேன் என்று உங்களுக்கெல்லாம் என் மேல் ஒரே கோபம். "நாற்பத்தாறு வயசுப் பொம்பளையை ஏழு நாள் உள்ளாடையோட நிக்க வைப்பீங்களா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். தப்புதான் தாயே. இதோ உடுத்திவிடுகிறேன்.

இந்த வாரம்தான் உள்ளே வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நொஹேலியாவின் தங்கை யமீலே, மெதெயின் நகரத்தை ஒட்டிய இத்தாகுய்யில், ஒரு பட்டன் கடையின் மாடியில் 'அஞ்சூரா' என்ற பெயரில் துணி தைத்து விற்கிறாள். அகலம் என்று அர்த்தம். குண்டான பெண்களுக்கு மட்டும். ஒல்லிப் பெண்ணுக்கு வெட்டியதை இழுத்துப் பெரிசாக்கி விற்கிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. முதல் துணியே நூற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர் இடுப்பின் மேல் வைத்துத்தான் வெட்டுவார்கள். மற்ற சைஸெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும்.

அந்த இடுப்பு நொஹேலியாவுடையது. ஆறு வருஷமாக அவள்தான் அந்தக் கடைக்கு அளவு. "பேப்பர் பொய் சொல்லும், எங்க அக்கா உடம்பு பொய் சொல்லாது" என்று யமீலே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

நாலு மாதமாக அந்த உடம்பு பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூன்று வாய்க்கு மேல் சாப்பாடு உள்ளே போவதில்லை. நூற்று முப்பத்திரண்டு இப்போது நூற்றுப் பதினொன்று. அது அவளுக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஏன் அவள் வாயைத் திறந்து சொல்லக் கூடாது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள்! நாற்பது வயசு வரைக்கும் பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காராத பெண் அவள். கல்யாண வீட்டுப் போட்டோவில் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட பெண். ஆறு வருஷமாகத்தான் ஒரு கூட்டம் அவளை நடுவில் நிறுத்தி, "இவளுக்குத் துணி சரியா நின்னா எங்களுக்கும் நிக்கும்" என்று சொல்கிறது. அந்த இருபத்தொரு சென்டிமீட்டர் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நடுவிடமும் போய்விடும். அதற்கப்புறம் அவள் யார்? வேலை இல்லாத அக்கா, அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம். சனிக்கிழமை காலை.

முதலில் பழைய உள்ளாடை. அதன் மேல் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தது ஒன்று. அதன் மேல் இன்னொன்று. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த இறுக்கமாக நாலாவது. போட்டு முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் ஆறிக்கொண்டாள்.

அந்த ஸ்பாஞ்ச் வைத்தது ஒல்லிப் பெண்கள் பின்பக்கம் எடுப்பாகத் தெரியப் போட்டுக்கொள்வது. இந்த ஊரில் அதற்குக் குறைச்சலே இல்லை, சந்துக்குச் சந்து தொங்கும். அவள் வாங்கப் போனபோது கடைக்காரப் பெண் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கா சென்யோரா? சாமி குடுத்ததே போதாதா?" என்று சிரித்தாள். "தங்கச்சிக்கு" என்று சொல்லி நாலு வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

தளர்ந்த கையும் தெரியாமல் முழுக்கைச் சட்டை. தட்டில் அரேப்பா என்கிற சோள ரொட்டி, மேலே வெண்ணெயும் சீஸும். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். நாலாவது வாய் தொண்டைக்குக் கீழே ஏதோ கதவைத் தட்டுகிற மாதிரி நின்றது. தண்ணீர் குடித்தாள். தண்ணீரும் நின்றது. தட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

தெருமுனையில் பழக்காரி பிடித்துக்கொண்டாள்.

"ஆவே மரியா! நொஹேலியா, என்ன முகம் இப்படி ஜொலிக்குது! கன்னமெல்லாம் உள்ள போயி, கழுத்து தெரியுது! என்ன பண்றீங்க? எலுமிச்சம்பழத் தண்ணியா?"

"ஒண்ணுமில்ல, தூக்கம் நல்லா வருது, அதான்."

"அந்தத் தூக்கத்த எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்!"

நொஹேலியா சிரித்துக்கொண்டே நன்றி சொன்னாள். பத்தடி நடந்த பிறகு, எதற்கு நன்றி சொன்னோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மாடிக்குப் போனபோது சுலேமா மட்டும் இருந்தாள். யமீலேயின் மகள், இருபத்திரண்டு வயசு. பேட்டர்ன் போட, அதாவது துணி வெட்டுகிற அளவைக் காகிதத்தில் வரைய, படித்துவிட்டு வந்து, டிசம்பருக்கான துணிகள் முழுவதையும் முதல் தடவையாகத் தானே வரைந்தவள். மேஜை முழுக்கக் காகிதம். கண் இரண்டும் கோவைப்பழம்.

"என்னடி, அழுதியா?"

"இல்ல பெரியம்மா."

"மூக்கு சொல்லுதே."

அவ்வளவுதான். சுலேமா பொலபொலவென்று கொட்டிவிட்டாள். மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கறுப்புப் பேன்ட்டுகளை எடுத்துப் போட்டாள். இரண்டிலும் பின்பக்கம், சரியாக சீட்டில், தையல் பிளந்திருந்தது.

வாராவாரம் கடைக்கு வந்து உட்கார்ந்து பேசுகிற சனிக்கிழமைக் கூட்டத்தில் பன்னிரண்டு பேருக்கு அந்தப் பேன்ட்டைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் போட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லி. இன்றைக்கு அவர்கள் வந்து சொல்ல வேண்டும். திங்கட்கிழமை முன்னூறு பேன்ட்டுக்கு வெட்டு ஆரம்பம். அதற்குள் நேற்றே இரண்டு கிழிந்து வந்துவிட்டது.

"நிக்கும்போது ஒண்ணும் இல்லையாம். உக்காந்தாத்தான் கடிக்குதாம், கிழியுதாம். அம்மா ராத்திரி முழுக்கத் திட்டினாங்க. நான் வரைஞ்ச கோடு தப்பாம். வெளியிலேர்ந்து ஒரு மாஸ்டரை வரவழைக்கப் போறாங்களாம். நான் பட்டன் வெக்கணுமாம் பெரியம்மா! ரெண்டு வருஷம் படிச்சிட்டு!"

"அவ கோபத்துல சொல்லியிருப்பாடி."

"கோடு தப்புன்னா எங்க தப்புன்னு தெரிய வேணாமா? மூணு தடவை வரைஞ்சு பாத்துட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு பென்சிலை எடுத்தாள். "இங்க பாருங்க. ஒரு பெரிய உடம்பு உக்காந்தா இடுப்பு ஏழு எட்டு சென்டிமீட்டர் விரியும். அதுக்காகப் பின் சீட்டுல லூஸ் விடணும். பழைய பேட்டர்ன்ல எல்லாம் ஏழு இருக்கு. ஆனா இந்தத் தடவை உங்களுக்குப் போட்டு உக்கார வெச்சேன் இல்ல? ரெண்டுதான் விரிஞ்சுது. மிச்சத் துணி பின்னால தொங்குச்சு. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. அதனால அந்த லூஸை எடுத்துட்டேன். அம்மாதானே சொல்லிக் குடுத்தாங்க, பேப்பரை நம்பாத, பெரியம்மாவை நம்புன்னு. உங்க மேல எவ்வளவு அழகா நின்னுச்சு! உக்காந்தப்பவும் ஒரு சுருக்கம் இல்ல. அப்ப மத்தவங்களுக்கு மட்டும் ஏன் கிழியுது?"

நொஹேலியா பிளந்த தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

சதை விரியும். ஸ்பாஞ்ச் விரியாது.

ஆறு வாரத்துக்கு முன்னால், நாலு உள்ளாடையும் புழுங்க, வேர்வை முதுகில் ஓட, சுலேமா முன்னால் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்தது ஞாபகம் வந்தது. கண்டுபிடித்துவிடுவாளோ என்று மட்டும்தான் அன்றைக்குப் பயம். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்தாள். அந்த நிம்மதிதான் இப்போது இரண்டாகக் கிழிந்து மேஜை மேல் கிடக்கிறது.

"சுலேமா..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன பெரியம்மா?"

படியில் யமீலேயின் செருப்புச் சத்தம் கேட்டது. வாய்க்கு வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது.

யமீலேயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பதினாறு வாரமாகப் பார்க்கிறீர்கள். அக்காவை விட ஏழு வயசு சின்னவள், குரல் மட்டும் இருபது வயசு பெரிசு. வந்ததும் வராததுமாகக் கிழிந்த பேன்ட்டை எடுத்து மூலையில் எறிந்தாள்.

"இன்னும் இதையே வெச்சுக்கிட்டு ஒப்பாரியா? சீக்கிரம் நாற்காலியப் போடு. அக்கா, நீ சொல்லு, உனக்குச் சரியாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு" என்றாள் நொஹேலியா. அது உண்மைதான். சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பின்ன என்ன? ரெண்டு பேருக்குத்தான் கிழிஞ்சிருக்கு. டிசம்பர் வருது, அவங்க வெயிட் போட்டிருப்பாங்க."

சுலேமா திரும்பினாள். "அம்மா! நீயா இப்படிப் பேசற? ஊர்ல மத்த கடைக்காரன் எல்லாம் சொல்றதை நீ சொல்ற!"

யமீலேக்கு முகம் சிவந்தது. சுற்றிலும் பார்த்தாள், வேறு யாராவது கேட்டுவிட்டார்களா என்று. "சரி, அப்ப கோடு தப்பு. கோடு போட்டது நீ. ரெண்டுல ஒண்ணுதானே? நீயே சொல்லு எதுன்னு."

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குச் 'சனிக்கிழமைக் குண்டுகள்' வந்தார்கள். அவர்களே வைத்துக்கொண்ட பெயர், நான் வைத்ததில்லை. வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் பல்லைத் தட்டுவார்கள். கை வைக்காத அகல நாற்காலிகள் வட்டமாக. நடுவில் தட்டு நிறையப் புன்யுவேலோ, சீஸ் உருண்டை, சுடச்சுட. பேக்கரி வைத்திருக்கும் ஃபாபியோலா கொண்டுவருவது.

அந்த வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். தன் உடம்புக்காக யாரும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. 'நான்தான் இடத்தை அடைச்சுக்கறேன்', 'என் தொப்பைதான் காரணம்' என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், அவள் எழுந்து நடுவில் வந்து இடுப்பில் கை வைத்து, மேடையில் நடக்கிற அழகி மாதிரி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மற்றவர்கள் கை தட்டுவார்கள். சாதாரண நாளில் ஒன்று இரண்டு சுற்று நடக்கும். முதல் முதலாக வருகிற பெண்கள்தான் மாட்டுவார்கள்.

"பேன்ட் எப்படி? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க" என்றாள் யமீலே.

ஃபாபியோலா ஆரம்பித்தாள். ஐம்பத்தெட்டு வயசு, வட்டத்துக்கே பெரியவள். "நிக்கும்போது ராணி மாதிரி இருக்குடி. உக்காந்தா வயித்த அறுக்குது. தப்பு என்னுதுதான். இந்த மாசம் புன்யுவேலோ வித்ததை விடத் தின்னது ஜாஸ்தி."

"சுத்து! சுத்து!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

ஃபாபியோலா எழுந்து, தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஜம்மென்று சுற்றினாள். ஒரே சிரிப்பு.

அடுத்தவள் பள்ளிக்கூட டீச்சர். "எனக்கும் அப்படித்தான். வீட்ல கண்ணாடி முன்னாடி நல்லாருக்கு. பஸ்ல உக்காந்தா முடியல. நடக்கறதை நிறுத்தினேன் பாருங்க, அதான்."

"சுத்து!"

மூன்றாமவள் சுற்றினாள். நாலாமவள் சுற்றினாள். "என் தொடைதான்" என்றாள் ஒருத்தி. "பிரசவத்துக்கப்புறம் இறங்கவே இல்ல" என்றாள் இன்னொருத்தி. கை தட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஏழாவது பெண் யாரும் சொல்லாமலே எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். யாரும் தட்டவில்லை.

யாரும் பேன்ட்டைக் குறை சொல்லவில்லை. ஒருத்திகூட. ஆறு வருஷம் பொய் சொல்லாத கடை அது. அதனால் தப்பு தங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று பத்துப் பேரும் தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டிவிட்டு வந்திருந்தார்கள். நொஹேலியாவுக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கடைசியாக மாரிசேலா. இருபத்தாறு வயசு. ஒரு கம்பெனியில் காதில் மாட்டிக்கொண்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே போன் பேசுகிற வேலை. இந்த வட்டத்துக்கு வந்துதான் முதல் தடவையாகக் கையில்லாத சட்டை போட்டவள்.

"எனக்குப் பேன்ட் இப்ப பரவாயில்ல" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. "மொதல்ல ரொம்பக் கடிச்சுது. அதனால ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டேன். பத்து நாளாச்சு. மத்தியானமும் கொஞ்சம்தான். வியாழக்கிழமை மெட்ரோல மயக்கம் போட்டு விழுந்துட்டேன். யாரோ ஒரு அம்மா தூக்கி உக்கார வெச்சு ஜூஸ் குடுத்தாங்க. ஆனா இப்ப பட்டன் போட முடியுது."



"ஏன்டி அப்படிப் பண்ணின? பேன்ட்டை வீசி எறியறதுதானே?" என்றாள் சுலேமா.

"பேன்ட் மேல என்ன தப்பு? நொஹேலியா அக்காவுக்கு நிக்குது இல்ல? அவங்க என்னை விடப் பெரிசு. அவங்களுக்கே நிக்கும்போது எனக்கு நிக்கலன்னா, நான் எவ்வளவு கேவலமா..." அவள் முடிக்கவில்லை. எழுந்துவிட்டாள். "சுத்தணும் இல்ல? சுத்தறேன்."

இடுப்பில் கை வைத்தாள். பாதிச் சுற்றில் தள்ளாடினாள். ஃபாபியோலா தாவிப் பிடித்துக்கொண்டாள்.

நொஹேலியா எழுந்து துணி மாற்றுகிற திரைக்குப் பின்னால் போனாள். இவளுக்கும் மயக்கமோ என்று யமீலே உட்கார்ந்த இடத்திலிருந்தே திரையைப் பார்த்தாள். உள்ளே நொஹேலியா நாலாவது உள்ளாடையைக் கழற்றினாள். மூன்றாவதை, இரண்டாவதை. இடுப்பில் குளிர்காற்றுப் பட்டது. இப்போது நினைத்தாலும் பின்பக்கப் படியில் இறங்கிப் போய்விடலாம். தலைவலி என்று சொன்னால் நம்புவார்கள். சுலேமா பட்டன் வைப்பாள், மாரிசேலா பட்டினி கிடப்பாள், இவளுக்கு இவள் இடம் இருக்கும்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வட்டத்துக்குள் வந்தாள். தொளதொளவென்று இறங்குகிற பாவாடையை ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் இருந்ததை நடு மேஜையில், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்பாஞ்ச். ஈரமாக, இடுப்பு வடிவத்தில்.

"பேன்ட்டுதான் தப்பு" என்றாள். "உங்க யாரு உடம்பு மேலயும் தப்பில்ல. சுலேமா கோடு மேலயும் தப்பில்ல. அந்தப் பேன்ட்டை இதுக்கு மேல வெச்சு வெட்டினாங்க. நான் இதைப் போட்டுக்கிட்டு நின்னேன். இது உக்காந்தா விரியாது. என் இடுப்பு இப்ப நூத்திப் பதினொண்ணு. நாலு மாசமா யார்கிட்டயும் சொல்லல. மாரிசேலா, நீ போய் எதையாவது சாப்பிடு. தயவுசெஞ்சு சாப்பிடு."

 அத்தனை கண்களும் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் இடுப்பைப் பார்த்தன.

முதலில் அசைந்தவள் சுலேமா. மேஜைக்கு வந்து ஸ்பாஞ்சை விரலால் அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள். "அப்ப என் கோடு சரி" என்றாள் மெதுவாக. "சரியாத்தான் வரைஞ்சேன்." அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குப் பெரியம்மாவை நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. சின்னப் பெண், மன்னித்துவிடுங்கள்.

ஃபாபியோலா ஒரு புன்யுவேலோவை எடுத்து மாரிசேலாவின் கையில் திணித்தாள். "தின்னுடி." பிறகு நொஹேலியா பக்கம் திரும்பினாள். "நாலு மாசமா எங்க நடுவுல வேஷம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தியா? நாங்க எங்க தொப்பையப் பத்தி, தொடையப் பத்தி, எவனெவன் என்ன சொன்னான்னு அத்தனையும் உன்கிட்டக் கொட்டினோமே. நீ உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"சிரிக்கல ஃபாபியோலா. சத்தியமா சிரிக்கல."

"இனிமே உனக்கு இங்க என்ன வேலை? போய் சாதாரணக் கடைல துணி வாங்கிக்கோ. உனக்குத்தான் இப்ப எல்லாக் கடையும் திறந்திருக்குமே."

டீச்சர் ஃபாபியோலாவின் தோளைத் தட்டி, "விடு, விடு" என்றாள். சமாதானம் செய்ய வேண்டும் என்றுதான் நொஹேலியாவைப் பார்த்தாள். நல்ல மனுஷி. வாயிலிருந்து வந்தது என்னவோ இதுதான்: "ஆனா எவ்வளவு அழகா ஆயிட்டீங்க நொஹேலியா. இடுப்பெல்லாம் தெரியுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் அவளைச் சுற்றச் சொல்லவில்லை. அதற்குச் சட்டம் இல்லை.

மாரிசேலா புன்யுவேலோவைக் கடித்து மென்றுகொண்டிருந்தாள். கண்ணீர் வாயோரம் இறங்கியது. மென்று விழுங்குகிற வரைக்கும் நொஹேலியா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு சுலபமாக இறங்குகிறது! பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கூப்பிடுவார்கள் என்று இரண்டு படி மெதுவாகத்தான் இறங்கினாள். வட்டத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாவது படியில் பின்னால் செருப்புச் சத்தம். யமீலே. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வந்தாள்.

"நில்லு."

நொஹேலியா நின்றாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தாள். சின்ன வயசில் யமீலே அடிக்கிறவள்தான்.

"திங்கட்கிழமை வெட்டு இருக்கு, தெரியுமா உனக்கு? யாரை வெச்சு வெட்டுவேன் நான்? தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வெச்சிட்டியே. 'எங்க அக்கா உடம்பு பொய் சொல்லாது'ன்னு எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருப்பேன்!"

"தப்புதான் யமீலே."

"தப்புதானாம்!" யமீலே மூச்சு வாங்கினாள். கோபம் தீர்ந்துபோய் வெறும் மூச்சுதான் மிச்சம் இருந்தது. மூடிய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஒரு படி இறங்கி அக்காவுக்குப் பக்கத்தில் வந்தாள். குரலைத் தணித்தாள்.

"என்ன ஊசி?"

"என்னது?"

"என்ன ஊசி போட்டுக்கற? மாத்திரையா? எங்க குடுக்கறாங்க? எனக்கு மட்டும் சொல்லு அக்கா. யாருக்கும் தெரிய வேணாம். ராத்திரி முட்டி ரெண்டும் உயிர் போகுது எனக்கு. கொஞ்சமா... ஒரு பத்துக் கிலோ போதும். கடைல கண்டுபிடிக்கவே மாட்டாங்க."

நொஹேலியா தங்கையைப் பார்த்தாள். ஆறு வருஷமாக மைக்கைப் பிடித்து, 'நம்ம உடம்பு நமக்குப் போதும்' என்று ஊர் ஊராகச் சொன்ன வாய். கோபம் வரவில்லை. இவளும் இத்தனை நாளாகத் தனியாகத்தான் இருந்திருக்கிறாள் என்று தோன்றியது. அது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

"ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்லடி. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. மூணு வாய்க்கு மேல போகாது. இப்பல்லாம் தண்ணிகூட நிக்குது."

"நாலு மாசமாவா?"

"ஆமா."

"சும்மாவே இருபத்தொண்ணு குறைஞ்சிருக்கா?" யமீலே தலையை ஆட்டினாள். "குடுத்து வெச்சவ அக்கா நீ."

சொல்லி முடித்து ஒரு நிமிஷம் கழித்துத்தான், அக்கா அதற்கு முன்னால் சொன்னது அவள் காதுக்குள் போனது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது.

"டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"காட்டினேன். போன மாசம்."

"என்ன சொன்னாரு?"

"எடை மெஷின்ல ஏத்தினாரு. பழைய சீட்டை எடுத்துப் பாத்தாரு. நான் வயித்தைப் பத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள எழுந்து வந்து என் கையப் பிடிச்சுக் குலுக்கி, 'வாழ்த்துகள் சென்யோரா, இப்படியே விடாம செய்யுங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டாரு."

உள்ளேயிருந்து சுலேமா இரண்டு தடவை அம்மாவைக் கூப்பிட்டாள். யமீலே உள்ளே போகவும் இல்லை, அக்காவைத் தொடவும் இல்லை.